படையின் செலவிற் படிப்பு



1947ஆம் ஆண்டிலே, ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலுள்ள வாப்பகோனெற்றா என்னும் சிற்றூரில், ஒரு வீட்டுக்குத் தபாலிற் கடிதமொன்று வந்தது. அதனைப் பிரித்துப் படித்த பதினாறு வயதுப் பையன், தாயாரைக் கூவியழைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். தாயாரோ கீழே நிலவறையில், பழம் பதனிட்டு வைத்திருந்த சாடிகளை எடுத்துக்கொண்டிருந்தார். மகனுடைய கூக்குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு, கையிலிருந்த சாடியைத் தம் காற்பெருவிரலின் மேலே போட்டுக்கொண்டாராம். விரல் கன்றிக் கறுத்துப் பல நாட்கள் ஆறாமற் கிடந்தது என்று அக்குடும்பத்தார் பின்னர் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கடிதத்தில் வந்த செய்தி இதுதான்: அப்பையனுடைய சர்வகலாசாலைப் படிப்பின் செலவைக் கடற்படை ஏற்றுக்கொள்ளும். பையனின் பெயர் நீல் ஆம்ஸ்ட்ரோங். 1969இல் அவர் சந்திரனிற் கால்வைத்த கதையை நாம் யாவரும் அறிவோம். ஆதலின் அதனை இங்கே விரிக்கப் போவதில்லை. பதினேழு வயது நிரம்பாத ஒரு மாணவன், தன் படிப்புக்கு ஈடாகத் தன் வாழ்நாளின் சில ஆண்டுகளைப் படைக்கு எழுதிக்கொடுப்பது எத்தகைய உடன்படிக்கை, அதை எழுதும்போது அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு, தெரியாதது எவ்வளவு என்பதையே இன்று உங்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

நமது நாட்டிலே 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைபெற்று வருகிறது. ஆதலால், சர்வகலாசாலைக்குச் செல்ல இடங் கிடைத்தும் பணமில்லாமையால் தயங்கி நிற்கும் அமெரிக்க மாணவனின் நிலை நம்மிற் பலருக்கு உடனே விளங்காமற் போகலாம். அங்கே கட்டணம் செலுத்தியே படிக்கவேண்டும். ஆம்ஸ்ட்ரோங்கின் தந்தையார் மாநில அரசாங்கத்தில் கணக்குப் பரிசோதகராக உத்தியோகம் பார்த்தவர், ஊருக்கு ஊர் மாற்றலாகிக்கொண்டேயிருந்த குடும்பம், பிள்ளைகள் மூவர். வறுமை என்று சொல்வதற்கில்லை. மிச்சம் என்று சொல்வதற்கும் இல்லை. பையனுக்கோ ஆகாயவிமானத்தின் மேல் தீராத மோகம். ஊரிலிருந்த மருந்துக்கடையில் மணிக்கு 40 சதம் கூலிக்கு வேலை செய்து, மணிக்கு 9 டொலர் கொடுத்து விமானமோட்டப் பழகினான். கணக்குப் பார்த்தால், ஒரு மணி நேரம் பறப்பதற்கு இருபத்திரண்டரை மணி நேரம் கடையில் நிற்கவேண்டும். பதினாறாவது பிறந்தநாளில், மோட்டார்வண்டி ஓட்டும் அனுமதிப் பத்திரத்தைப் பெறுமுன்னரே, விமானம் பழகும் மாணவனுக்குரிய பத்திரத்தைப் பெற்றுவிட்டான்.

அப்படிப்பட்டவன் கண்முன்னே கடற்படையின் திட்டம் வந்து நின்றது. அதன் நிபந்தனைகள் இவை: முதல் இரண்டு ஆண்டுகள் விரும்பிய சர்வகலாசாலையிற் படிக்கலாம், கட்டணத்தையும் புத்தகச் செலவையும் கடற்படை கொடுக்கும், கைச்செலவுக்கும் ஏதோ கிடைக்கும். பின்னர் படிப்பை இடையிலே நிறுத்திவிட்டு, விமானப் பயிற்சியும் கடற்படை விமானியாகச் சேவையுமாக மூன்று ஆண்டுகள் செல்லும். அதன்பின் திரும்பி வந்து, எஞ்சிய இரண்டு ஆண்டுப் படிப்பையும் கடற்படையின் செலவிலேயே முடித்துக்கொள்ளலாம். மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் அவனுக்கு இடங் கிடைத்திருந்தது. ஆயினும், நல்ல பொறியியற் கல்விக்காக அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை என்று அக்கழகத்திலே படித்தவர் ஒருவரே சொல்லவும், அயல் மாநிலமான இந்தியானாவிலுள்ள பேர்டியூ சர்வகலாசாலையைத் தெரிந்துகொண்டான். போர்வீரனாக வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவன் விரும்பியது விமானங்களை அமைக்கும் பொறியியல். அதற்கு வழி திறந்தது கடற்படை.

இத்திட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். படித்த குடிமக்களிலிருந்தே படையதிகாரிகளை உருவாக்கவேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவிற் பழையது. 1819இலே அல்டன் பார்ட்ரிட்ஜ் என்பவர் வெர்மொன்ற் மாநிலத்தில், இலக்கியமும் விஞ்ஞானமும் போர்ப்பயிற்சியும் ஒருங்கே கற்பிக்கும் கல்லூரியொன்றைத் தொடங்கினார். 1862இல், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், ஜனாதிபதி லிங்கன் கையொப்பமிட்ட மொரில் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் வழங்கி அதன் வருவாயிலே கல்லூரிகள் அமைக்க வழிசெய்தது. விவசாயமும் இயந்திரக் கலையும் கற்பிக்க எழுந்த அக்கல்லூரிகளிலே போர்முறையும் கற்பிக்கப்படவேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. 1869இல் தோன்றிய பேர்டியூவும் அவ்வகைக் கல்லூரிகளுள் ஒன்றே. 1916இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம் இந்தச் சிதறிய முயற்சிகளைத் திரட்டி, சேமப்படை அதிகாரிகளுக்கான பயிற்சி அமைப்பு ஒன்றை உண்டாக்கிற்று. கடற்படை 1926இல் ஆறு சர்வகலாசாலைகளிலே தனக்கென அவ்வமைப்பைத் தொடங்கியது.

இங்கே ஒரு வழக்கைக் குறிப்பிடாமற் செல்ல மனம் வரவில்லை. அக்காலத்திலே பல மாநிலக் கல்லூரிகளில் முதலிரண்டு ஆண்டுகளும் ஆண் மாணவர் அனைவருக்கும் அணிவகுப்புப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. கலிபோர்ணியா சர்வகலாசாலையிலே மெதடிஸ்த சபையைச் சேர்ந்த இரு மாணவர், போர் பாவம் என்பது தம் சமயக் கொள்கை எனக் கூறிப் பயிற்சிக்கு வர மறுத்தனர். சர்வகலாசாலை அவர்களை விலக்கி வைத்தது. வழக்கு மேல்நீதிமன்றங்களுக்கு ஏறி, 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அச்சர்வகலாசாலையிற் சேரும்படி உங்களை எவரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின்படி அது சரியாயிருக்கலாம். ஆனால், வேறு சர்வகலாசாலைக்குப் பணங் கட்ட வல்லவனுக்கு ‘கட்டாயமில்லை’ என்ற சொல்லுக்கு ஒரு பொருளும், வல்லமையில்லாதவனுக்கு வேறு பொருளும் உண்டல்லவா? புலமைப்பரிசில் விஷயத்திலும் இந்த வேறுபாடு தொடர்ந்து வருவதைக் காணலாம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் கடற்படைக்கு ஒரு சங்கடம் தோன்றியது. யுத்தகாலத்தில் திரட்டப்பட்ட அதிகாரிகள் வீடு திரும்பினர். அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி ஒன்றினால் மட்டும் வேண்டிய அதிகாரிகளை அளிக்க இயலாது. இரண்டாவது கல்லூரி கட்டுவதா, வேறு வழி காண்பதா என ஆராய அமைந்த குழுவுக்கு ஜேம்ஸ் ஹொலோவே என்னும் கடற்படைத் தளபதி தலைமை வகித்தார். நாட்டிலுள்ள சர்வகலாசாலைகளையே பயன்படுத்திக்கொள்வோம் என்பது அக்குழுவின் முடிவு. 1946இல் அது சட்டமாயிற்று. அவர் பெயராலே ஹொலோவே திட்டம் என வழங்கலாயிற்று. விமானிகளைப் பொறுத்தவரை மற்றொரு காரணமும் இருந்தது. யுத்தத்திலிருந்து மீண்டவர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கமே கல்விச் செலவைக் கொடுத்து வந்ததால், நாடெங்கும் இளைஞரின் நாட்டம் சர்வகலாசாலையின் பக்கம் திரும்பிவிட்டது. கல்லூரி வாழ்வை அடியோடு விட்டு விமானப் பயிற்சிக்கு வா என்றால் யார் வருவார்? எனவே கல்லூரியையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

1947 இலையுதிர் காலத்திலே பேர்டியூவிற் காலடி வைத்த ஆம்ஸ்ட்ரோங்கைச் சூழ்ந்திருந்தவர்களிற் பெருந்தொகையினர் யுத்தத்திலிருந்து மீண்டவர்கள். அவர்களும் அரசாங்கப் பணத்திற் படித்தவர்களே, இவனும் அரசாங்கப் பணத்திற் படித்தவனே. ஆனால் இரு உடன்படிக்கைகளும் நேர்மாறானவை. அவர்கள் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்து, உயிர் தப்பிய பின்னர் படிப்பைப் பெற்றார்கள். இவனோ படிப்பை முன்னே பெற்றுக்கொண்டான். கொடுக்கவேண்டியது பின்னே இருந்தது. அது எவ்வளவாக இருக்கும் என்பதைக் கையெழுத்திட்ட நாளில் அவனும் அறியான், அவனிடம் கையெழுத்து வாங்கிய கடற்படையும் அறியாது.

அறியாது என்று நான் சொல்வது வெறும் பேச்சன்று. 1948ஆம் ஆண்டிலே கடற்படை விமானிகளின் தொகையைக் குறைக்கத் தொடங்கியது. பயிற்சி முடித்தாலும் ஓட்டுவதற்கு விமானம் கிடையாது போலும் என்ற அச்சம் பயிற்சி பெறுவோரிடையே பரவிற்று. விலகிப் போகும்படி அவர்களுக்கு நெருக்கடியும் கொடுக்கப்பட்டது. இதே திட்டத்தின்கீழ் விஸ்கொன்சின் சர்வகலாசாலையிலே படித்துவந்த ஜேம்ஸ் லவெல் என்னும் இளைஞர், அவ்வாண்டிலே இத்திட்டத்தை விட்டு அனாபொலிஸ் கல்லூரிக்கு மாறிக்கொண்டார். தந்தையை இளமையிலே இழந்து தாயின் உழைப்பில் வளர்ந்தவர் அவர். கையிற் கிடைத்ததை விட்டு வேறொன்றைப் பற்றுவது அவருக்கு எளிய முடிவாக இருந்திராது. பிற்காலத்திலே சந்திரனைச் சுற்றிவந்த அப்பொலோ 8 கலத்திலும், விபத்துக்குள்ளாகி மீண்ட அப்பொலோ 13 கலத்திலும் சென்றவர் இவரே. விமானிகள் மிதமிஞ்சிவிட்டார்கள் என்று 1948இற் கணக்கிட்ட அதே கடற்படை, இரண்டே ஆண்டுகளில் விமானிகளைத் தேடி அலையவேண்டியதாயிற்று.

ஆம்ஸ்ட்ரோங்குக்கு அழைப்பு 1949 ஜனவரி 26ஆம் நாள் வந்தது. இரண்டு ஆண்டுகள் படிக்கலாம் என்பது பேச்சு. ஆனால் அவர் பேர்டியூவுக்கு வந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. புளோரிடாவிலுள்ள பென்சகோலா விமானத் தளத்துக்குச் சென்றார். 1950 மார்ச்சு மாதத்தில் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலே முதன்முறை விமானத்தை இறக்கினார். அதுவரையிலும் உலகில் அவருக்குத் தெரிந்த யுத்தம் எதுவும் நடக்கவில்லை. ஜூன் 25ஆம் நாள் கொரியாவிலே போர் மூண்டது. ஓகஸ்ட் 16ஆம் நாள் அவர் முழுத் தகுதி பெற்ற கடற்படை விமானியானார். இருபதாவது பிறந்தநாள் கழிந்து பதினொரு நாட்களே ஆகியிருந்தன.

நேயர்களே, இந்த நாட்களைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பாருங்கள். 1947இல் அவர் ஒப்புக்கொண்ட பத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது அதனைச் சூழ்ந்திருந்த உலகமே. அதே பத்திரத்திலே ஓராண்டு முன்னே கையொப்பமிட்டவன், சமாதான காலத்திற் சேவையின் பெரும்பகுதியைக் கழித்திருப்பான். பின்னே ஒப்பமிட்டவன், போர் ஓயுந் தறுவாயிற் போர்முனைக்கு வந்திருப்பான்.

‘எசெக்ஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஆம்ஸ்ட்ரோங் கொரியக் கடலுக்குச் சென்றார். அவருடைய அணியில் வயதில் மிக இளையோருள் அவர் ஒருவர். 1951 செப்டெம்பர் 3ஆம் நாள், தாழப் பறந்து தாக்கிக்கொண்டிருந்தபோது, பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டப்பட்டிருந்த வடமொன்றிலே அவருடைய ஜெற் விமானம் மோதி, வலது இறக்கையில் ஏறத்தாழ ஆறு அடி நீளம் அறுந்து போயிற்று. அத்தகைய இறக்கையோடு விமானத்தைத் தரையில் இறக்க முடியாது. ஒருவாறு சமாளித்து நேசப்படைகளின் எல்லைக்குள் கொண்டுவந்து, பொஹாங் என்னும் இடத்துக்கு அருகிலே வெளியே பாய்ந்து குடைமூலம் இறங்கினார். அவரை ஏற்றிச்செல்ல ஜீப் வண்டியில் வந்தவர், பென்சகோலாவிலே அவரோடு ஓரறையில் தங்கிப் பயிற்சி பெற்ற நண்பராக இருந்தது விந்தையிலும் விந்தை. அந்நாட்களில் அவருடைய அணியைச் சேர்ந்த வேறு விமானிகள் திரும்பி வரவில்லை. கப்பலிலே அவர்களுடைய படுக்கைகள் வெறுமையாகக் கிடந்தன.

மொத்தம் 78 முறை போர்ப் பறப்பு மேற்கொண்ட பின்னர், 1952 ஓகஸ்டு மாதத்தில் அவர் சேவையிலிருந்து விடுபட்டார்.

இது நல்ல உடன்படிக்கைதானா? ஆம்ஸ்ட்ரோங்கைக் கேட்டிருந்தால் நல்லதே என்றிருப்பார். அவ்வாறு சொல்ல அவருக்கு முழு உரிமையும் உண்டு. விரும்பிய கல்வியும் விரும்பிய விமானமும் அவருக்குக் கிடைத்தன. ஆயினும், இவ்வகைத் திட்டங்களின் நன்மையை எடுத்துரைக்க வருவோர் எப்போதும் திரும்பி வந்தவரையே மேடையில் நிறுத்துகின்றனர் என்பதை மறத்தலாகாது. திரும்பி வராதவன் மேடையேறுவதில்லை. நானும் ஆம்ஸ்ட்ரோங்கைக் கொண்டே பேச்சைத் தொடங்கினேன். அந்தக் குற்றத்திலிருந்து நானும் தப்பவில்லை.

இனி, அடுத்த யுத்தத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964இல் இயற்றப்பட்ட சட்டமொன்று தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இத்தகைய புலமைப்பரிசில்களை வழங்க அதிகாரமளித்தது. மறு ஆண்டிலே வியட்நாம் யுத்தம் பெருகிற்று. கட்டாய ஆட்சேர்ப்பும் நடந்துகொண்டிருந்தமையால், இளைஞன் போடவேண்டிய கணக்கே வேறாயிற்று. எப்படியும் படைக்குப் போகவேண்டியிருக்கலாம். போவதானால் அதிகாரியாகப் போகலாமே. அல்லது படிப்பு முடியும்வரையேனும் அதனைத் தள்ளிப்போடலாமே என்று பலர் எண்ணினர்.

பின்னாளில் ஜனாதிபதியான பில் கிளின்ரன் இந்த இக்கட்டில் அகப்பட்டவருள் ஒருவர். ஒக்ஸ்போர்ட்டிலே படித்துக்கொண்டிருந்த அவர், 1969 கோடையில், ஆர்கன்சா சர்வகலாசாலையிலே சட்டம் படித்துக்கொண்டு அதிகாரிப் பயிற்சியிற் சேர்வதாக ஒப்புக்கொண்டார். அதனால் ஆட்சேர்ப்பிலிருந்து தற்காலிக விலக்குக் கிடைத்தது. இலையுதிர் காலத்திலே மனம் மாறி, அவ்விலக்கைக் கைவிட்டுத் தம்மை மீண்டும் ஆட்சேர்ப்புக்கு உட்படுத்தினார். டிசெம்பர் 1ஆம் நாள் பிறந்தநாட்களைக் கொண்டு சீட்டுக் குலுக்கியபோது அவருக்கு விழுந்த இலக்கம் 311, அழைக்கப்படாத தொலைவு. இரு நாட்களின் பின்னர், பயிற்சி அமைப்பின் பொறுப்பாளரான கேணலுக்கு நீண்டதொரு கடிதம் எழுதி, அந்த யுத்தத்தைத் தாம் வெறுப்பதையும் தம் மனக்குழப்பத்தையும் விளக்கினார். இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கோ கிடந்த அக்கடிதம் 1992ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வெளிவந்து அவரைத் திணறடித்தது. அவர் செய்தது நேர்மையா தந்திரமா என்று அந்நாட்டவர் இன்றும் வாதிடுவர். என் மனத்திற் படுவது இதுதான்: ஒப்புக்கொண்டபோது அவருக்கு வயது இருபத்திரண்டு, விலகியபோது இருபத்துமூன்று. பதினேழு வயதிலே ஒப்புக்கொண்டவர்களுக்கு இவ்வளவு நீண்ட கடிதம் எழுதத் தெரிந்திராது.

சர்வகலாசாலைகளிலும் எதிர்ப்பு மூண்டது. 1970 மே மாதத்தில் ஒகாயோவிலுள்ள கென்ற் மாநிலச் சர்வகலாசாலையிலே அதிகாரிப் பயிற்சிக் கட்டடம் எரிக்கப்பட்டது. இரு நாட்களின் பின்னர் காவற்படையினர் சுட்டதில் நான்கு மாணவர் மாண்டனர். ஹார்வர்ட் சர்வகலாசாலையிலிருந்து அப்பயிற்சி அகற்றப்பட்டு, நாற்பது ஆண்டுகள் கழித்து 2011இலேயே கடற்படையின் பிரிவு மீண்டும் அங்கே இடம்பெற்றது. 1973இற் கட்டாய ஆட்சேர்ப்பு ஒழிந்தது. அதன் பின்னர் அமெரிக்க மாணவனின் கணக்கு மீண்டும் 1947ஆம் ஆண்டுக் கணக்கைப் போலாயிற்று: ஒரு பக்கம் படிப்புச் செலவு, மறுபக்கம் வாழ்நாளின் சில ஆண்டுகள்.

இன்றும் அப்புலமைப்பரிசில் வழங்கப்பட்டு வருகிறது. பெண்களும் அதனைப் பெறுகின்றனர். படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் முழுநேரச் சேவை. சேமப்படையில் இருக்கவேண்டிய காலத்தையும் கூட்டினால் எட்டு ஆண்டுகள். ஆயினும், அன்று ஆம்ஸ்ட்ரோங்கின் கடிதத்தைப் பற்றி எண்ணியபோது என் நெஞ்சை உறுத்திய குறைக்கு ஓரளவு பரிகாரம் இப்போது உண்டு. நான்காண்டுப் புலமைப்பரிசில் பெறும் மாணவன் முதலாம் ஆண்டு முடியும்வரை கடன் எதுவுமின்றி விலகிக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டிற் காலெடுத்து வைத்த பின்னரே கதவு மூடுகிறது. அதன்பின் விலகினால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்டவோ, சாதாரணச் சிப்பாயாகச் சேவை செய்யவோ நேரலாம். அந்த ஓராண்டிலே அவன் அணிவகுப்பில் நின்று பார்க்கிறான், அதிகாலையில் எழுந்து பார்க்கிறான், கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பார்க்கிறான். தன் இயல்பு இதற்கு ஒத்துவருமா என்பதை அறிய ஓராண்டு போதும். எந்த யுத்தம் தன்னை எதிர்நோக்கி நிற்கிறது என்பதை அறிய அது போதாது. பணமில்லாத வீட்டுப் பிள்ளையோ, விலகினால் அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வியையும் சுமந்துகொண்டே அந்தக் கதவருகில் நிற்கிறது.

ஆம்ஸ்ட்ரோங் 1952 செப்டெம்பரிலே பேர்டியூவுக்குத் திரும்பினார். 1947இல் அவரோடு சேர்ந்தவர்களுள் நான்கே ஆண்டுகளிற் படிப்பை முடித்தவர்கள் முன்னைய ஆண்டே பட்டம் பெற்று வெளியேறியிருந்தனர். இருபத்திரண்டு வயதிலே, பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாக வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வளாகத்தில் அவர் மீண்டும் மாணவரானார். முன்னைவிட நல்ல புள்ளிகள் பெற்றார். 1955 ஜனவரியில் விமானப் பொறியியற் பட்டம் அவர் கைக்கு வந்தது. வாப்பகோனெற்றா வீட்டுக்கு அந்தக் கடிதம் வந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.